வீட்டுச் சில்லறை வேலைகள்: நாமே செய்துகொள்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொட்டும் குழாய், உரசும் கதவு, செதில் செதிலாக உரியும் பெயின்ட், மாதக்கணக்கில் மூலையில் சாய்ந்து கிடக்கும் ஒரு அலமாரிப் பலகை. ஆளைக் கூப்பிட்டால் "இதுக்கெல்லாமா வரணும்?" என்பார், கூப்பிடாவிட்டால் அப்படியே கிடக்கும். இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இவை. பதில்களில் பாதி ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: மேலே எதைப் பூசுவதற்கும் முன்னால், அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எந்த வேலையில் நானே கை வைக்கலாம்? எதில் வைக்கக் கூடாது?

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். தப்பாகப் போனால் என்ன ஆகும்? சுவரில் நிறம் திட்டுத் திட்டாக வந்தால் இன்னொரு கோட் அடித்துக்கொள்ளலாம். பட்டி (சுவரின் பள்ளம், விரிசலை அடைக்கப் பூசும் பசை) மேடு பள்ளமாக இருந்தால் தேய்த்துவிடலாம். குழாய் வாஷர் சரியாக உட்காரவில்லை என்றால் வால்வை மூடிவிட்டு மறுபடி கழற்றலாம். இவையெல்லாம் திருப்பிச் செய்யக்கூடிய தப்புகள். தாராளமாகக் கை வையுங்கள்.

சமையல் வாயுக் குழாய், சுவருக்குள் ஓடும் மின் வயரிங், சுவரை இடிப்பது, கூரை விளிம்பில் நின்று செய்யும் வேலை ஆகிய நான்கிலும் தப்புக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் அவற்றை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மின் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது.

முதலில் என்னென்ன சாமான் வாங்குவது?

அளவு நாடா, ரசமட்டம், தட்டைத் தலையும் நட்சத்திரத் தலையுமாக இரண்டு மூன்று அளவில் திருப்புளி, சுத்தியல், கட்டிங் பிளேயர், வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர், பிளேடு கத்தி, பட்டித் தகடு, இரண்டு மூன்று நம்பரில் உப்புத்தாள். இவற்றோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவு இருந்தால் கீழே வரும் வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். டிரில் மெஷினை முதல் தடவை இரவல் வாங்குங்கள். வருடத்துக்கு நாலு ஓட்டை போட ஒரு மெஷின் வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நூறு சாமான் இருக்கும் பெட்டி செட்டுகளிலும் தொண்ணூறு சாமான் சும்மாதான் கிடக்கும்.

சுவரில் பெயின்ட் உப்பி உரிகிறது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தால் போதாதா?

அடிக்கலாம், மறுபடியும் உரியும். உள்ளேயிருந்து ஈரம் தள்ளுவதால்தான் பெரும்பாலும் பெயின்ட் உப்புகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கிற கோட் எல்லாம் வீண்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஓதம் தெரியும் இடத்தில் ஒரு முழம் அளவுக்கு அலுமினியத் தாளையோ தடித்த பிளாஸ்டிக்கையோ வைத்து, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஆவிதான் குளிர்ந்த சுவரில் படிகிறது. காற்றோட்டம் கொடுத்தால் குறையும்.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால் அடுத்தபடியாக, எப்போது அதிகமாகிறது என்று கவனியுங்கள். மழை பெய்தால் கூடி, வெயிலில் குறைந்தால் வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம், மொட்டை மாடித் தளம் இவற்றில் ஏதோ ஒன்று. மழையோ வெயிலோ ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடி, அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் பட்டையாக ஓதம் ஏறி நின்றால், மண்ணிலிருக்கும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வீட்டு மருந்து கிடையாது, அனுபவப்பட்டவர் வந்து பார்க்க வேண்டும்.

காரணத்தை அடைத்த பிறகும் சுவர் முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோருக்குப் பொறுமை போய்விடுகிறது.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவலாமா?

கழுவக் கூடாது. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் வெள்ளையாகத் தங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். கட்டையான பிரஷ் கொண்டு காய்ந்த நிலையிலேயே தேய்த்து, உதிர்வதைக் கூட்டி அள்ளிவிடுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் பூத்தால் ஈரம் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

விரிசலைப் பார்த்து எப்போது பயப்படுவது?

தலைமுடி கனத்தில் பூச்சில் மட்டும் ஓடும் விரிசல்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். பூச்சு காயும்போது சுருங்குவதால் வருபவை அவை. 5 மி.மீ.க்கு மேல் அகலமானவை, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பிப் பெரிதாகிக்கொண்டே போகிறவை, சுவரின் இரு பக்கமும் தெரிகிறவை, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடப் புடைத்து நிற்கிறவை: இவற்றுக்குக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நடுத்தரமான விரிசல் வளர்கிறதா என்று தெரிய, அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தையும் அளந்து எழுதிவையுங்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். அசைந்துகொண்டிருக்கும் விரிசலில் எந்தப் பட்டியும் நிற்காது.

சின்ன விரிசலை அடைக்கச் சரியான முறை?

மேலோட்டமாகப் பட்டியைத் தடவினால் அது விரிசலின் உதட்டில்தான் ஒட்டுமே தவிர உள்ளே இறங்காது. அதனால் முதலில் விரிசலைப் பெரிதாக்க வேண்டும். பட்டித் தகட்டின் மூலையை வைத்து விரிசல் நெடுகக் கீறி, வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஆக்குங்கள். ஆடும் துணுக்கு எல்லாம் விழட்டும். காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டி, சிமென்ட் கலந்த பட்டி என்றால் வாய்க்காலை லேசாக நனையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பட்டி வெடிக்கும்.

முதல் கையில், அதாவது முதல் பூச்சில், தகட்டை விரிசலுக்குக் குறுக்காக இழுத்து உள்ளே அழுத்துங்கள். காய்ந்தால் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அது இயல்பு. இரண்டாவது கையை விரிசல் நெடுக, இரு பக்கமும் சற்று அகலமாக, மெல்லிசாக இழுத்துவிடுங்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேல் காய்ந்து உள் காயாமல் மறுபடி கீறல் விடும். காய்ந்ததும் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி அடித்தால் கைக்குத் தெரியாத மேடும் கண்ணுக்குத் தெரியும். பெயின்டர்கள் செய்கிற இந்தச் சின்ன வேலையை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பிறகு விளக்கைப் போட்டதும் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

கதவு நிலையும் சுவரும் சேரும் இடத்தில் வரும் இடுக்குக்குப் பட்டி சரிப்படாது. மரமும் பூச்சும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அங்கே நெகிழும் அக்ரிலிக் சீலன்ட்தான் தாங்கும்.

உப்புத்தாளில் நம்பர் என்ன கணக்கு?

நம்பர் கூடக் கூடப் பொடி நைசாகும். பழைய பெயின்டை எடுக்க 60 முதல் 80, மரத்தைச் சமன் செய்ய 120, கடைசித் தேய்ப்புக்கு 180 முதல் 220. 80ல் தேய்த்துவிட்டு நேரே 220க்குத் தாவினால் 80 போட்ட கீறல் அப்படியே நிற்கும்.

பழைய வீட்டில் பெயின்டைத் தேய்க்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். பழைய எனாமல்களில், அதாவது எண்ணெய் பெயின்டுகளில், ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978ல்தான்; பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் பிந்தித்தான் கட்டுப்பாடு வந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் கலந்து உள்ளே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கும் வரை தேய்க்கவோ சூடு காட்டி உரிக்கவோ வேண்டாம். பெயின்ட் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றால் அதைக் கலைக்காமல் மேலே அடித்து மூடிவிடுவதே நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் தகடும் இதே ரகம்: ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள்.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது?

வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் பெயின்ட்) ஒரு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 14 மீட்டர். உயரத்தால் பெருக்கினால் 42. கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 76. பத்தால் வகுத்தால் 7.6, ஆக 8 லிட்டர். சொரசொரப்பான சுவர் என்றால் இன்னும் குடிக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரே நிறம் இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். ஒரே எண் போட்ட நிறமே ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் துளி மாறும். சுவர் நடுவில் டப்பா மாறினால் அந்த இடத்தில் கோடு தெரியும்.

பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் கட்டாயமா?

புதுப் பூச்சு, பட்டி பார்த்த இடம், வெறும் மரம், இரும்பு, கறை படிந்த சுவர்: கட்டாயம். நல்ல நிலையில் இருக்கும் பழைய எமல்ஷன் மேல் அதே வகை எமல்ஷன்: தேவையில்லை, சுவரைத் துடைத்தால் போதும். புது சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது காயவிட்ட பிறகே பிரைமர்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பளபளக்கும் பழைய எனாமல் மேல் நேராகத் தண்ணீர் பெயின்டை அடித்தால் அடிக்கும்போது நன்றாக இருக்கும். பிறகு நகம் பட்டாலே தோலாக உரியும். பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் தண்ணீர் வகை. ஏறாவிட்டால் எண்ணெய் வகை. பளபளப்புப் போகும்வரை தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே மேல் வேலை.

ரோலர் அடித்தால் கோடு கோடாக வருகிறதே?

ஓரம் காய்ந்த பிறகு பக்கத்தில் அடிப்பதுதான் காரணம். ஈரமான ஓரத்தின் மேல் ஏறினாற்போல் அடித்துக்கொண்டே போக வேண்டும். சுவர் நடுவில் நிறுத்திவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். நிறுத்துவதானால் மூலையில் நிறுத்துங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு அடித்தாலும் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். ரோலரில் பெயின்ட் தீர்ந்த பிறகு அழுத்திப் பிழிந்து அடிப்பது இன்னொரு காரணம். முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல் என்ற வரிசையில் போனால் மேலிருந்து தெறிப்பது தொல்லை தராது.

ஓரத்துக்கு ஒட்டிய டேப்பை எப்போது எடுப்பது?

கடைசிக் கோட் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, சாய்வாக இழுத்து மெல்ல எடுங்கள். முழுதாகக் காய்ந்துவிட்டால் டேப்போடு பெயின்டும் கிழிந்து வரும். அப்போது பிளேடால் ஓரத்தைக் கீறிவிட்டு எடுக்கலாம். காரில் இரண்டு நிறம் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்து 1925ல் ரிச்சர்ட் டுரூ என்பவர் செய்த சரக்கு இந்த டேப். கெட்டியாக ஒட்ட வேண்டும், ஆனால் சேதமில்லாமல் வர வேண்டும் என்பதுதான் அதன் வேலையே. அதனால் நாட்கணக்கில் சுவரில் விட்டுவைக்காதீர்கள்.

பெயின்ட் தொட்டால் காய்ந்திருக்கிறது. சுவரைத் துடைக்கலாமா?

தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, இறுகுவது வேறு. எமல்ஷன் ஒரு மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும்; அடுத்த கோட்டுக்குச் சுமார் 4 மணி நேரம். முழுதாக இறுக இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணி, பிசின் கொக்கி, சுவரோடு ஒட்டிய சோபா எதுவும் வேண்டாம்.

சுவரில் ஓட்டை போட்டால் ஸ்க்ரூ நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஸ்க்ரூவைச் சுவர் பிடிப்பதில்லை. ஓட்டைக்குள் செருகும் பிளக் பிடிக்கிறது, பிளக்கைச் சுவர் பிடிக்கிறது. ஒரு காலத்தில் சுவரில் குழி தோண்டி மரக்கட்டை அடித்து அதில்தான் ஆணி இறக்குவார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும், ஸ்க்ரூ ஏற ஏற விரிந்து சுவரைக் கவ்வும் நைலான் பிளக்கை ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்டுர் ஃபிஷர் 1958ல் கொண்டுவந்தார். விரிந்து கவ்வுவதுதான் சூட்சுமம் என்பதால் ஓட்டை ஒரு மி.மீ. பெரிதானாலும் பிடி போய்விடும்.

6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. டிரில் பிட்தான். ஸ்க்ரூ 4 முதல் 5 மி.மீ. கனம். ஆழம் பிளக்கின் நீளத்தைவிட ஒரு செ.மீ. கூடுதல்; உள்ளே தங்கும் தூசிக்கு இடம் வேண்டும். அந்த ஆழத்தில் பிட்டைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அளவு தப்பாது. மெஷினை ஆட்டாமல் நேராகப் பிடியுங்கள். ஆட்டினால் வாய் அகலும், பிளக் சுற்றும்.

ஓட்டையிலிருந்து வரும் தூசியைப் பாருங்கள், சுவர் என்ன சொல்கிறது என்று தெரியும். செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல், நல்ல பிடி. சாம்பல் நிறத்தில் கெட்டியாகத் தடுத்தால் கான்கிரீட், சுத்தியல் ஓட்டம் (சுற்றும்போதே குத்தவும் செய்வது) உள்ள மெஷின் வேண்டும். ஒரு செ.மீ. போனதும் திடீரென்று தடுப்பே இல்லாமல் உள்ளே விழுந்தால் உள்ளீடற்ற கல் அல்லது பலகைச் சுவர். அதற்கென்றே பின்பக்கம் குடை மாதிரி விரியும் பிளக் விற்கிறார்கள், சாதாரண பிளக் ஆகாது. வெள்ளைப் பூச்சுத் தூசி மட்டுமே வந்துகொண்டிருந்தால் இன்னும் ஆழம் போக வேண்டும். பூச்சு எடை தாங்காது.

சுவருக்குள் வயர் எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவிட்ச், பிளக் பாயின்ட், விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளில்தான் போகும். குளியலறை, சமையலறைச் சுவரில் குழாய்க்கும் இதே கணக்கு. வயரையும் உலோகத்தையும் காட்டும் சின்னக் கருவியும் இருக்கிறது. உதவும், ஆனால் அதை மட்டும் நம்பிவிட முடியாது. சந்தேகமிருந்தால் அந்தப் பகுதியின் எம்.சி.பி.யை (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, வேறு இடத்து மின்சாரத்தில் மெஷினை ஓட்டுங்கள்.

டைல்ஸில் ஓட்டை போட்டால் உடைந்துவிடாதா?

சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, டைல்ஸுக்கான பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டினால் உடையாது. பிட் வழுக்காமல் இருக்கக் குறித்த இடத்தில் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுங்கள். டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் போன பிறகு வேண்டுமானால் பிட்டை மாற்றிச் சுத்தியல் ஓட்டம். விளிம்புக்கு வெகு பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

படம் எந்த உயரத்தில் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும்?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஓவியக் கூடங்களில் புழங்கும் அளவு அது, நிற்பவர் கண்மட்டம். வீட்டில் பெரும்பாலும் ஒரு சாண் உயரமாகத்தான் மாட்டிவிடுகிறார்கள். நாலைந்து படம் சேர்த்து மாட்டுவதானால் செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துவிட்டு ஓட்டை போடுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒட்டும் கொக்கி போதுமா என்றும் கேட்கிறார்கள். டைல்ஸிலும் கண்ணாடியிலும் நன்றாக நிற்கும். பெயின்ட் சுவரில் கொக்கி பெயின்டைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பெயின்ட் சுவரை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் அதன் பலம். கனமான கண்ணாடிச் சட்டத்தை அதை நம்பி மாட்ட வேண்டாம்.

குழாய் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

இறுக்க இறுக்க இன்னும் கெடும். பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய வகையா, கால் சுற்றில் மூடும் புது வகையா என்று முதலில் பாருங்கள்.

பழைய வகையில் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை அடைக்கிறது. வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தொட்டி ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். சின்ன ஸ்க்ரூ ஒன்று உள்ளே போனால் அன்றைய பொழுது போச்சு. ஸ்பேனர் வாயில் துணி சுற்றிக்கொண்டு தலைப்பகுதியைக் கழற்றித் தண்டை வெளியே எடுங்கள். நுனியில் இருக்கும் வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருக்கும். வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி விழுந்த தடம் அது. அதே அளவு வாஷர் மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றுவதற்கு முன் உள்ளே வாஷர் உட்காரும் வளையத்தை விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ பல் விழுந்தோ இருந்தால் புது வாஷரையும் அது சீக்கிரம் தின்றுவிடும். வளையத்தைத் தேய்த்துச் சமன் செய்யும் கருவி உண்டு, இல்லையென்றால் குழாயையே மாற்றிவிடலாம்.

தண்ணீர் வாய் வழியாக இல்லாமல் கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் கோளாறு தண்டைச் சுற்றியிருக்கும் வளையத்தில்.

கால் சுற்று வகையில் இரண்டு செராமிக் தட்டுகள் உள்ளே உரசிக்கொண்டு திறந்து மூடும். அதை ரிப்பேர் செய்ய முயலாமல் உள்பாகத்தை முழுதாக மாற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். தண்டின் பற்கள், நீளம், வலப்பக்கமா இடப்பக்கமா திறக்கிறது என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதே இல்லை.

டேங்கில் ஏதாவது சாயத்தைச் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியிலிருக்கும் ரப்பர் மூடி ஒழுகுகிறது. அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், ரப்பர் தடித்து நெளிந்திருந்தால் மாற்றுங்கள். டேங்க் நடுவில் நிற்கும் வழிகுழாய்க்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் மிதவை உயரமாக இருக்கிறது. தண்ணீர் மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு இரண்டரை செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையை இறக்கினால் போதும்.

குளியலறை ஓரத்து சிலிக்கான் கறுத்துவிட்டது. மேலேயே இன்னொரு வரி போடலாமா?

பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. பிளேடால் இரு ஓரமும் அறுத்து முழுதாக உரித்து, மிச்சத்தைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். இரு பக்கமும் டேப் ஒட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை தடவி, உடனே டேப்பை எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் வகை பளிங்குக் கல்லைக் கறையாக்கும், உலோகத்தை அரிக்கும். அங்கெல்லாம் வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கறுப்பை எடுக்கப் பிளீச்சிங் திரவம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒரு நேரத்தில் ஒரு திரவம், ஜன்னலைத் திறந்துவைத்து.

கதவு நிலையில் உரசுகிறது. இழைப்புளி போட்டுவிடலாமா?

முதலில் கீலைப் பாருங்கள். பூட்டுப் பக்கத்தில் மேல் மூலை உரசினால் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். ஸ்க்ரூ சும்மா சுற்றினால் மரத்தில் ஓட்டை தேய்ந்துவிட்டது. தீக்குச்சியின் மருந்தை ஒடித்துவிட்டு, குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டை நிறையச் சொருகி, இறுகிய பிறகு நீட்டியிருப்பதை அறுத்து, அதே ஸ்க்ரூவைப் போடுங்கள். நெடுநாள் தாங்கும்.

ஆட்டமே இல்லை, மழைக் காலத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் மரம் ஈரத்தில் உப்புகிறது. அப்போதே இழைத்தால் காய்ந்த பிறகு இடுக்கு விழும். காயும்வரை பொறுத்து, சாக்பீஸைக் கதவு விளிம்பில் தேய்த்து மூடித் திறந்து, அழிந்த இடத்தை மட்டும் கொஞ்சம் இழைத்து, இழைத்த இடத்துக்கு உடனே பெயின்டோ வார்னிஷோ கொடுங்கள். கதவின் அடி விளிம்புக்குப் பெரும்பாலும் யாரும் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள். ஈரம் ஏறும் வழியே அதுதான்.

கீச்சிடும் கீலுக்கு டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடித்துச் சத்தம் திரும்பி வந்துவிட்டது என்பார்கள். 1953ல் அது உருவானதே ஈரத்தை விரட்டத்தான். துருவை இளக்கும், மற்றபடி நெடுநாள் வழவழப்புத் தராது. கீல் ஊசியைத் தட்டி எடுத்துத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

சுவிட்ச் சூடாகிறது, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. நானே பார்க்கலாமா?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: அந்தப் பாயின்டைப் பயன்படுத்துவதை நிறுத்துவது. விழும் எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள், பெரிய அளவு எம்.சி.பி.யாக மாற்றவும் மாற்றாதீர்கள். வயர் தாங்கும் அளவைத் தாண்டினால் சுவருக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சாய்ப்பு ஏணியை எவ்வளவு சாய்வாக வைப்பது?

ஏணி சுவரைத் தொடும் உயரம் 4 மீட்டர் என்றால் அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எட்டிப் பிடிக்கத் தோன்றினால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

வேலை முடிந்தபின் மிச்சப் பெயின்ட், பிரஷ், துணியை என்ன செய்வது?

மிச்சத்தைச் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆடை கட்டாது. மூடியின் மேல் எழுதாமல் டப்பாவின் பக்கத்தில் நிற எண், எந்த அறை, தேதி மூன்றையும் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் பெயின்ட் பிரஷைச் சோப்புத் தண்ணீரிலும் எண்ணெய் பெயின்ட் பிரஷை டர்பன்டைனிலும் கழுவி, முடியை நேராக நீவித் தொங்கவிடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் என்றால் கழுவாமல் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி வைத்தாலே சில மணி நேரம் தாங்கும்.

ஆளி விதை எண்ணெய் கலந்த மரப் பாலிஷ் துடைத்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருண்ட துணிக்குள் சூடு தேங்கி, யாரும் தொடாமலேயே தீப்பிடிக்கும். வெளியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.